மாத்திரைக்குப் பின் எடுத்த ரத்தம்

முத்துக்குமாரின் கையும் கன்னமும் வெந்துபோனதற்கு நான்தான் காரணம். அம்மன் அல்ல, அவன் விதியும் அல்ல... நான்!

பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறவள் நான். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வோம். காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். போட்டபின் எடுத்தால் அளவு ஏறித் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

ஏரலிலிருந்து அவனும் மனைவி இசக்கியம்மாளும் வந்தார்கள். குலசை அம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டிருந்தான். சிவப்பு வேட்டி, ஒருவேளைச் சாப்பாடு. கை நடுங்குகிறது என்றதால் மருத்துவர் மருந்தின் அளவைப் பார்க்கச் சொல்லியிருந்தார்.

"ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"விரதம்லா யக்கா. மத்தியானம்தான் சாப்பாடு."

மாத்திரை போட்டீர்களா என்று கேட்கவில்லை. எங்கள் கிறிஸ்தவ வீட்டில் உபவாசம் என்றால் தண்ணீர்கூடத் தொடமாட்டோம். அவன் விரதமும் அப்படித்தான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

ஊசியை உருவிப் பஞ்சை வைத்தபோது இசக்கியம்மாள் சொன்னாள்: "பாவம், பஸ்ல வச்சு மாத்திரைய மட்டும் முழுங்குனாவ. வெறும் பச்சத்தண்ணிதான் வயித்துல கெடக்கு."

நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "நாளைக்கு மாத்திரை போடாம வாங்க, நான் கேக்க மறந்துட்டேன்." இவ்வளவுதானே! ஏன் வாய் வரவில்லை? முதலாளி பக்கத்தில் நின்றார். "ஒரே ஆள ரெண்டு தடவ வரச் சொன்னா வேற லேபுக்குப் போயிருவாவ, பாத்துக்கோ" என்று முந்தின வாரம்தான் எல்லார் முன்னாலும் ஏசியிருந்தார். அந்த ஏச்சுக்குப் பயந்தேன்... ஓர் உயிருக்குப் பயப்படவில்லை.

அந்த ரத்தத்தையே பரிசோதனைக்கு அனுப்பினேன். அளவு கூடுதல் என்று வந்தது. மருத்துவர் மாத்திரையைக் குறைத்தார்.

அதன்பின் தொலைபேசி அடித்தாலே ஏரலிலிருந்தோ என்று பார்ப்பேன். அவர்கள் எண் கணினியில் இருந்தது. திறந்து திறந்து பார்த்தேன், கூப்பிடவில்லை. கர்த்தரிடம்கூட விஷயத்தைச் சொல்லாமல், "எல்லாரையும் காத்துக்கொள்ளும்" என்று பொதுவாக ஜெபித்தேன்... என்ன சாமர்த்தியம் பாருங்கள்!

குலசையில் தீச்சட்டி ஏந்தி ஆடும்போது வலிப்பு வந்து, சட்டியோடு விழுந்தான்.

இன்று இருவரும் மறுபடி வந்தார்கள். திரும்ப அளவு பார்க்க வேண்டுமாம். "நீங்க எடுத்தா வலிக்காதுக்கா" என்று தழும்பில்லாத கையை நீட்டினான். மாத்திரை போட்டீர்களா என்று முதலிலேயே கேட்டேன். இல்லை என்றான். போன தடவை இதை ஏன் கேட்கவில்லை என்று யோசித்துவிடுவானோ... சட்டென்று ஊசியை எடுத்தேன்.

அவன் வெளியே போனதும் இசக்கியம்மாள் என் அருகே குனிந்தாள்.

"எல்லாம் என்னாலதாங்க்கா. மீன் வச்ச சட்டிய மறதில எடுத்து அவியளுக்குக் கஞ்சி காய்ச்சிட்டேன். குத்தம் பண்ணுனது நான், எரிஞ்சது அவிய. வார வருசம் நானே தீச்சட்டி எடுக்கேன்னு நேந்திருக்கேன்."

இல்லையம்மா, தவறு என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள், இல்லையா? கதவுக்கு அப்பால் முதலாளியின் குரல் கேட்டது.

"அழாத இசக்கி... உன் அம்மன் உன்ன மன்னிச்சிருவா" என்றேன்.

அவள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.