காதுவலிக்கு ஒரு சால்வை

1975 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.05க்கு வாசல் தெளித்துக் கோலம், இரண்டு. 5.20 முதல் 6.05 வரை குழாயில் தண்ணீர், ஏழு குடம். 6.30க்குக் காபி. 7.15க்கு இட்லி. 8 மணிக்குச் சால்வையின் கடைசி எட்டு வரிசை.

அன்றைய டைரிப் பக்கம் இப்படித் தொடங்குகிறது. கோலம் இரண்டு என்று எழுதியிருப்பதற்கு விளக்கம் வேண்டும். திருத்தணியில் எங்கள் வீட்டுக்கும் நாத்தனார் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், சமையலறைப் பக்கம் அதில் ஒரு கதவு. அவள் வாசல் என் வாசலிலிருந்து எட்டடி. மே 16ஆம் தேதியிலிருந்து அவள் தெருப்பக்கம் தலை காட்டவில்லை. அதனால் அந்த வாசலையும் நானே தெளித்துக் கோலம் போட்டுவந்தேன்.

மே 16, வெள்ளிக்கிழமை, அவள் மலைக்குப் போய் முடி கொடுத்தாள். ஜனவரியில் அவள் கணவருக்கு மஞ்சள் காமாலை கண்டு, கண்ணும் நகமும் மஞ்சளாகிக் கிடந்தபோது வேண்டிக்கொண்டதாம். யாரிடமும் சொல்லவில்லை. அவர் மறுபடி தறியில் உட்கார்ந்த வாரம் அவரை அழைத்துக்கொண்டு படியேறினாள். மொட்டை அவருக்கு என்றுதான் அவர் நினைத்திருந்தார். இவள் போய் மணையில் உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இடுப்புக்குக் கீழே தொங்கிய ஜடை அது. ஆர்.கே.பேட்டைப் பெண்கள் பள்ளியில் அவள் ஏழாம் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகள் அவளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. ஜடை டீச்சர் என்றுதான் சொல்வார்கள். அதே பள்ளியில் நான் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். என் காதிலேயே எத்தனையோ முறை விழுந்திருக்கிறது.

பள்ளி திறப்பது ஜூன் 9. மொட்டை அடித்த இரண்டாம் நாள் அவள் என்னிடம் ஒரு மாத மருத்துவ விடுப்புக்கு விண்ணப்பம் எழுதச் சொன்னாள்.

"இந்த ஊர்ல மொட்டையப் பாத்து எவன் திரும்பிப் பாக்கப் போறான்? பஸ் ஸ்டாண்டுல பத்துக்கு ஆறு மொட்டை" என்றார் அவள் கணவர்.

"இந்த ஊர்ல பாக்க மாட்டாங்க. பேட்டையில என் கிளாஸ்ல நாப்பத்திரண்டு பொண்ணுங்க பாக்கும். ஒண்ணு சிரிச்சா போதும், நாப்பத்திரண்டும் சிரிக்கும்."

"முந்தானையப் போட்டு மூடிக்கயேன்."

"போர்டுல எழுதக் கைய தூக்கினா விழுந்துடும். பேசாம இருய்யா."

ஒரு மாதத்தில் ஜடை வளராது, அடுத்த மாதமும் இதே விண்ணப்பம்தான் வரும் என்று எனக்குத் தெரிந்தது. விண்ணப்பத்தை எழுதினேன். தேதியை மட்டும் காலியாக விட்டேன். காதுவலி என்று காரணம் எழுதும்போதுதான் அந்த யோசனை வந்தது. காதுவலிக்கு நம் ஊரில் கம்பளிதான் சுற்றுவார்கள். நடு வெயிலில் சுற்றினாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். என் பெட்டியில் வெள்ளைக் கம்பளி நூல் ஐந்து உருண்டை இருந்தது. பெங்களூரில் இருக்கும் என் தம்பி முந்தைய வருஷம் அனுப்பியது. தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். கூடவே ஒரு இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்து வெட்டிய பக்கமும் வைத்திருந்தான்: இலை இலையாக லேஸ் போட்ட சால்வை, பின்னும் முறை, மங்கலான ஒரு படம்.

அதற்கு முன் நான் மூன்று ஸ்வெட்டர் பின்னியிருக்கிறேன். லேஸ் பின்னியதில்லை. விண்ணப்பம் என் கையில் இருக்கட்டும், சால்வை சரிவராவிட்டால் ஒன்பதாம் தேதி தலைமை ஆசிரியையிடம் கொடுக்கிறேன் என்று பேசிக்கொண்டோம். அதைச் சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் செருகினேன்.

மே 18 மாலை ஊசியில் எண்பத்தொரு கண்ணி ஏற்றினேன். லேஸ் பின்னுவது இரண்டே காரியம்தான்: ஓரிடத்தில் நூலை ஊசியில் சும்மா ஒரு சுற்றுச் சுற்றவேண்டும், இன்னோரிடத்தில் இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்கவேண்டும். சுற்றிய இடம் துளையாகும். சேர்த்த இடம் இலையின் நரம்பாகும். இரண்டும் சமமாக இருந்தால் வரிசை முடிவில் மறுபடி எண்பத்தொன்று வரும். ஒவ்வொரு வரிசைக்கும் எண்ணினேன். பன்னிரண்டு வரிசைக்கு ஒரு இலைக்கட்டு. இருபது கட்டு, இருநூற்று நாற்பது வரிசை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டேன்; ஒரு நாள் தவறினால் ஒரு நாள் கைவசம் இருந்தது.

சிரமம் கண்ணி எண்ணிக்கையில் வரவில்லை, வியர்வையில் வந்தது. பத்து மணிக்கு மேல் விரல் ஈரமாகி நூல் ஊசியோடு ஒட்டிக்கொண்டது. பவுடர் போட்டால் உருண்டு திரண்டது. மலையிலிருந்து வந்த விபூதிப் பொட்டலத்தில் விரலைத் தொட்டுக்கொண்டு பின்னினேன். நூல் நன்றாக வழுக்கிக்கொண்டு போனது.

நாத்தனார் சமையலறை வழியாக வந்து பார்த்தாள். "இன்னா அண்ணி, பின்றீங்களா, பூஜை பண்ணிகினு இருக்கீங்களா?"

"பேசாதே. முப்பத்தி ஏழு."

மே 27 அன்று ஐந்து வரிசைக்கு முன்னால் ஒரு சுற்று ஒரு கண்ணி தள்ளி விழுந்திருந்தது தெரிந்தது. இழுத்துப் பிரித்தபோது நூல் இரண்டு இடத்தில் அறுந்தது. அவள் கணவர் வந்து அறுந்த நுனிகளை எச்சில் தொட்டுத் திரித்து, முடிச்சே தெரியாமல் சேர்த்துக் கொடுத்தார். தறிக்காரர் கை. கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"அக்கா, நாங்க நெய்யறதுல ஒரு ஓட்டை இருந்தா துணியத் திருப்பி மூஞ்சில வீசறான். நீங்க இன்னாடான்னா ஓட்டைய எண்ணி எண்ணிப் போடறீங்களே!"

நான் சிரித்தேன். அந்தக் கேள்வியை அப்போதே யோசித்திருக்கவேண்டும்.

யோசிக்காததற்குக் காரணம், ஊசியில் இருந்தபோது அதில் ஓட்டையே தெரியவில்லை. பின்னியதெல்லாம் சுருண்டு திரண்டு, பிழிந்துபோட்ட துணி மாதிரி தடித்துக் கிடந்தது. வாரம் ஒருமுறை ஊசியோடு அவள் தலையில் வைத்துப் பார்த்தோம். காது, பின்கழுத்து, நெற்றி மேல் எல்லாம் மறைந்தது. கண்ணாடியைப் பார்த்து, "ஆங், இது போதும் அண்ணி" என்றாள்.

எட்டாம் தேதி காலை 9.10க்குக் கடைசிக் கண்ணியை முடித்தேன். பத்திரிகைப் பக்கத்தில் இன்னும் ஒரு வரி மிச்சமிருந்தது. நனைத்து, பிழியாமல் நீரை ஒற்றி, நன்றாக இழுத்துக் கட்டி உலரவிடவும் என்று அதற்கு அர்த்தம். எழுதியதைச் செய்யாமல் விடும் பழக்கம் எனக்கு இல்லை. விபூதியும் போகவேண்டும். பூந்திக்கொட்டை நீரில் அலசினேன்.

இழுத்துக் கட்டும் வேலையை அவள் கணவர் கேட்டு வாங்கிக்கொண்டார். மொட்டை அடித்த நாளிலிருந்து அவருக்கு ஏதாவது செய்தாகவேண்டும் போலிருந்தது. கயிற்றுக் கட்டிலில் பழைய வேட்டியை விரித்து, தறியில் மிஞ்சிய நூல் துண்டுகளால் விளிம்பைச் சுற்றி இரண்டு விரற்கடைக்கு ஒரு கட்டு போட்டார். நான்கு மூலையையும் மாறி மாறி இழுத்தார்.

"மெதுவா தம்பி, அறுந்துடப் போகுது."

"பாவு இழுக்கறவன் கிட்ட சொல்றீங்களே அக்கா. ஒரு எழை கோணாது, பாருங்க."

ஒரு இழையும் கோணவில்லை. சுருண்டு கிடந்தது கட்டில் அகலத்துக்கு விரிந்தது. இருபது கட்டு இலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுந்து நின்றன. என் கையிலிருந்து இப்படி ஒன்று வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நிழலில் உலர வைத்துவிட்டு நான் சமைக்கப் போனேன்.

மாலை 4.30க்குக் கட்டுகளை அவிழ்த்தோம். நாத்தனார் தலையில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் கண்ணாடி முன்னால் நின்றாள். ஒவ்வொரு இலையின் இரு பக்கமும் அவள் தலை தெரிந்தது. மூன்று வாரத்து முடி, அரிசி நீளம். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

பேசாமல் இருக்க முடியாதவர் அவள் கணவர்தான்.

"வலையில மாட்டின தேங்கா மாதிரி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"மறுபடி நனைச்சு, இழுக்காம போட்டா சுருங்கிடும். ராத்திரிக்குள்ள காஞ்சிடும். முன்ன மாதிரியே ஆயிடும்" என்றேன்.

அவள் சால்வையைத் தலையிலிருந்து எடுத்து ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். பிறகு கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தாள். கையால் ஒருமுறை முன்னும் பின்னும் தடவினாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தேங்காயாமே! இழுத்துக் கட்டினவன் நீதானேய்யா. எழை கோணாதாம், இன்னா பீத்தல்!"

"உன் அண்ணி போட்ட ஓட்டை. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார் அவர். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. சிரிப்பில் வந்தது என்று சொல்லிக்கொண்டார்.

நான் வாளியை எடுக்கப் போனேன்.

"வேணாம் அண்ணி" என்றாள். "இவ்ளோ அழகா வந்திருக்குது. இதப் போயி யாராவது கெடுப்பாங்களா?"

"நாளைக்கு?"

அவள் சால்வையை நான்காக மடித்தாள்.

"விண்ணப்பத்துல தேதி போடட்டுமா?"

"இருக்கட்டும், அண்ணி" என்றாள். போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மடித்த சால்வையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சமையலறை வழியாகவே தன் வீட்டுக்குப் போனாள். நான் கட்டிலிலிருந்து நூல் துண்டுகளை எடுத்து எண்ணிக் கட்டிவைத்தேன், அறுபத்துநான்கு. படுக்கும் முன் பேனாவில் மை ஊற்றி, கடிகாரத்துக்குக் கீழே வைத்தேன்.

ஜூன் 9, திங்கட்கிழமை. 4.50க்கு எழுந்தேன். 5.05க்கு வாளியும் கோலமாவுமாக வெளியே வந்தபோது பக்கத்து வாசல் ஈரமாக இருந்தது. நாத்தனார் குனிந்து கோலத்தின் கடைசிக் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். தலையில் ஒன்றும் இல்லை. பால்காரர் சைக்கிளில் அவளைக் கடந்து போனார்.

"ஏழு பத்து பஸ்ஸுக்கா அண்ணி, ஏழு நாப்பதுக்கா?"

"ஏழு பத்து."

எங்கள் வாசலைத் தெளித்தேன். கோலம், ஒன்று.