பதினொண்ணாம் நம்பருக்கு மிச்சமிருந்த மாத்திரைகள்

சோதனைக் குழாய்களைச் சோப்புத் தண்ணியில ஊறப் போட்டிருக்கேன். அது ஊறி முடியுற வரைக்கும்தான் எழுத நேரம். ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாத்தா ரத்தம் பழகிடும், ரத்தத்துக்குச் சொந்தக்காரங்கதான் கடைசி வரைக்கும் பழகமாட்டாங்க. சுனாமிக்கு மறுவருஷம் சேர்ந்தேன். அஞ்சாங்கிளாஸ் படிப்பு, கைக்குழந்தை, பேர் கேட்டாலே தலை குனியுற கூச்சம். இப்படி மாட்டிக்கிட்டவங்களுக்கு நான் சொல்லுறது புரியும்.

எனக்குப் புரிஞ்சா போதும்

ஸ்டெல்லா அக்கா எங்க லேப் டெக்னீஷியன். ஒன்பது வருஷம் மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சிருந்தவங்க, திடீர்னு மருந்து ஆராய்ச்சிப் படிப்புல சேர்ந்தாங்க. சனி, ஞாயிறு திருநெல்வேலிக்கு பஸ் ஏறி வகுப்பு; மத்த நாள் லேப். எங்க டாக்டர் ரத்தக் கொழுப்புக்கு ஒரு புது மாத்திரையைச் சோதிச்சிட்டிருந்தார். அதுல பன்னிரண்டு பேரை ஆறு மாசம் முழுசாப் பாத்து எழுதிக் கொடுத்தாத்தான் அக்காவுக்குப் பட்டம். பட்டம் வந்தாத்தான் ஆராய்ச்சிப் பிரிவுல வேலை.

நோயாளிங்க ஒப்புப் போடுற தாளை முதல்ல எனக்குத்தான் வாசிப்பாங்க. எனக்குப் புரிஞ்சா இந்தக் கடப்புறத்துல, கடலோர ஊர்கள்ல, எல்லாருக்கும் புரியுமாம். ஒரு வரியில மட்டும் எனக்கு உடம்பு கூசிச்சு. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. எது யாருக்குண்ணு டாக்டருக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. அப்போ யாருக்குத்தான் தெரியும்ணு கேட்டேன். அக்கா தாளை மடிச்சுக்கிட்டே சொன்னாங்க: "ஒட்டின கவருக்குத் தெரியும் மக்கா. மனுசங்களுக்குத் தெரியப்படாது."

மூடின கண்ணுல வெளிச்சம்

வீடு வீடாப் போகையில குப்பியில மிச்சமிருக்க மாத்திரையை எண்ண என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. முட்டத்துல சோதனையில நாலாம் நம்பர் ஆளு, வயசான மீன்பிடிக்காரர். மாத்திரை தொடங்கின நாள்லேருந்து கண்ணை மூடினாலும் கலங்கரை விளக்கு வெளிச்சம் உள்ளே சுத்துதுண்ணார். பகல்லயும் சுத்துதாம். பேசிட்டே இருந்தவர் கண்ணை மூடி, விரலை ஆட்டி, அது வந்து போறதை எண்ணிக் காட்டினார். விரல் ஒரு தடவைகூட தாளம் தப்பல.

மருந்தாலயா இல்லையாண்ணு அக்கா தாள்ல ஒரு கட்டம் இருந்துச்சு. பேனாவை வச்சுக்கிட்டு அக்கா ரொம்ப நேரம் இருந்தாங்க. தாத்தா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எழுதாம இருக்காதே பிள்ளே, அடுத்த சுத்து வரப்போவுது."

எண்ணிக்கை தப்பாத வீடு

ஆறாம் மாசம், வீடு வீடாப் போற கடைசிச் சுத்து. கடியப்பட்டணத்துல பதினொண்ணாம் நம்பர், வலை கட்டுற அண்ணன். அவர் சம்சாரம் குப்பியைக் கொண்டுவந்து தந்தாங்க. தட்டுல கொட்டி எண்ணினேன். அன்னைக்குக் காலை வரைக்கும் ஒண்ணுகூட விடுபடாம போட்டிருந்தது. ரெண்டுதான் மிச்சம். அண்ணனைக் கூப்பிடுங்க, ரத்தம் எடுக்கணும்னாங்க அக்கா.

அந்தம்மா சுவரைக் காட்டினாங்க. மாதா படத்துக்குப் பக்கத்துல அண்ணன் படம், முன்னால மெழுகுதிரி. நெஞ்சுவலி. இறந்து பத்தொன்பது நாள். பத்தொன்பது நாளா மாத்திரை குறைஞ்சிருக்கே!

"நான்தான் முழுங்கினேன்"னாங்க அந்தம்மா. "ஆறு மாசம் விடாமப் போடுவேன்னு ஒப்புப் போட்டாவல்லா. பாதியில விட்டா படிக்கிற பிள்ளைக்கு நட்டம்ணு சாவதுக்கு முந்தின நாளும் சொன்னாவ."

பிறகு சேலைத் தலைப்பை ஒதுக்கி, கையை நீட்டி அக்கா முன்னால உக்காந்தாங்க. குழாய்மேல பேர் கிடையாது, பதினொண்ணுண்ணு மட்டும்தான். அந்த ரத்தத்தை எடுத்துட்டுப் போனா ஒரு பயலுக்கும் தெரியாது. பன்னிரண்டும் முழுசாகும், பட்டமும் வரும். அக்கா ரப்பர் நாடாவைக் கட்டினாங்க. நரம்பு எழும்பிச்சு. படத்துல அண்ணன் எங்களையே பாத்துட்டிருந்தார்.

நாடாவை அவிழ்த்துட்டாங்க. தாள்ல இறந்துட்டார்னு எழுதினாங்க. வேற ஆள் மாத்திரையை முழுங்கினதையும் மறைக்காம எழுதி, அந்தம்மாவை அன்னைக்கே டாக்டர்ட்ட கூட்டிட்டு வந்தாங்க. வழி முழுக்க அந்தம்மாவுக்கு ஒரே ஆவலாதி: "எடுத்திருக்கலாம்லா மக்கா, எங்க வீட்டு அவியளுக்க கணக்கு இப்பம் குறைஞ்சு போச்சே!"

செத்தவரைச் செத்தவர்னு எழுதினதுக்கு அக்கா இன்னொரு வருஷம் திருநெல்வேலி பஸ்ஸுல உக்காந்தாங்க, இப்ப ஆராய்ச்சிப் பிரிவுல நாற்காலி கிடைச்சும் முதல்ல தேடுறது மாத்திரை எண்ண என்னைத்தான், அதனால இந்த வேலைக்கு வரணும்னு நினைக்கிற பெண்டுகளுக்கு நான் சொல்லுறது என்னண்ணா, எண்ணிக்கை சரியா இருந்தா மட்டும் போதாது, நீங்க—

அக்கா கூப்பிடுறாங்க: "ஏட்டி சுஜி, ஜீப்பு வந்தாச்சு, தட்டை எடுத்துட்டு வா!"