எனக்கு அடுத்து முழங்காலிட்டவர்

என்னோடு ஜெபிக்கிற சகோதர சகோதரிகளே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை.

போன வருடம் தவக்காலத்தில் நான் மூன்று மாதக் கர்ப்பிணி. இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஈரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் பி என்றார்கள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் ஓரம் தைக்கிற எனக்கு அந்தப் பெயரே வாயில் நுழையவில்லை. பயப்படாதே, பிறந்ததும் குழந்தைக்கு ஊசி போட்டுவிடலாம் என்றார் டாக்டரம்மா. ஆனாலும் அழுதேன்.

எங்கள் சபை மாதர் சங்கத் தலைவி சாரா அக்காவிடம் மட்டும் சொல்லி, ஜெபிக்கக் கேட்டேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவர் பெயர் சொல்லாமல்தான் ஜெபித்தார். “தூத்துக்குடியிலிருந்து வந்து ஓவர்லாக் தைக்கிற, மாசமா இருக்கிற சகோதரிக்கு ஈரல்ல வந்த வியாதி தீரணும் ஆண்டவரே.” எங்கள் சபையில் அப்படி நான் ஒருத்திதானே! உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அடுத்த திருவிருந்தில் எனக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. எங்கள் சபையில் வரிசையாக முழங்காலிட்டு, எல்லாரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிப்போம். அதனால் மறு மாதம் நானே கடைசி ஆளாகப் போனேன். அன்று அடுப்படியில் உட்கார்ந்து ஜெபித்தேன்: “நோயை அப்புறம் பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே. எனக்குப் பிறகு அந்தப் பாத்திரத்தில் குடிக்க ஓர் ஆளைத் தாரும்.”

நான் கடைசிக்கு ஒதுங்கியதை சாரா அக்கா கவனித்திருக்கிறார். அவரும் எங்கள் சபை ஆயரும் ஒரு டாக்டரிடம் போய் விசாரித்திருக்கிறார்கள். அடுத்த திருவிருந்து அன்று ஆயர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “சேர்ந்து சாப்பிட்டாலோ, ஒரே பாத்திரத்துல குடிச்சாலோ இந்த வியாதி ஒட்டாதுங்க. எல்லாரும் டெஸ்ட் பண்ணி ஊசி போட்டுக்கோங்க. நான் போட்டுக்கிட்டேன்.”

ஒருவரும் அசையவில்லை. சாரா அக்கா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். “வா கண்ணு. நாந்தான் வெவரமில்லாம ஜெபம் பண்ணிக் கெடுத்துட்டேன்.”

“வேண்டாம்க்கா, எல்லாரும் பாக்காங்க.”

“பாக்கட்டும், நல்லாப் பாக்கட்டும்.”

என்னை முழங்காலிடச் செய்து, எனக்கு அடுத்து அவர் முழங்காலிட்டார். நான் குடித்த பாத்திரத்தில் அவர் குடித்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் வந்தார், பிறகு இன்னொருவர்.

மகள் பிறந்தாள், பிறந்த அன்றே ஊசி போட்டார்கள், சுகமாக இருக்கிறாள். என் நோய் இன்னும் போகவில்லை, டாக்டரிடம் காட்டி வருகிறேன். ஆனால் பயம் போய்விட்டது. நான் கேட்டதைக் கர்த்தர் கொடுத்தார், அவருக்கே நன்றி.

நீங்களும் நம்பிக் கேளுங்கள். உங்கள் சபையில் யாராவது கடைசிக்கு ஒதுங்கினால் ஜெபத்தோடு நின்றுவிடாதீர்கள். எழுந்து போய், அவருக்கு அடுத்து முழங்காலிடுங்கள்.