இரண்டு சீட்டிலும் ஒரே எண்

அன்று காலை பால் ஊற்றிவிட்டுப் போன அக்கா, கொஞ்ச நேரத்தில் ஒரு சீட்டோடு மறுபடி வந்தார். கேரள எல்லையோரம், கோவிந்தாபுரம் ரோட்டில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு அவருடையது. கூடப்பிறந்தவர் இல்லை, ஆனால் பத்து வருடமாக எங்கள் வீட்டுக் காப்பி அவர் கறக்கும் பாலில்தான். எங்களுக்கு அளந்தது போக மீதியை அவர் வீட்டுக்காரர் கேனில் ஊற்றி, வண்டியில் பால் சொசைட்டிக்குக் கொண்டுபோவார். அவரை நான் மாமா என்பேன்.

சொசைட்டி கொடுத்த அந்தச் சீட்டில் கொழுப்பு இரண்டு புள்ளி ஒன்பது என்றும், கீழே ‘தண்ணீர் கலப்பு’ என்றும் இருந்தது.

"ரெண்டாவது நாளா இப்படி வருது. இன்னொருக்கா வந்தா கேனைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்களாமா. அத்தனை சனத்துக்கு முன்னால," என்றார் அக்கா. "நீதானே அந்த மிஷினுக்கு எழுதுனவ? என்னன்னு பாரு அம்மிணி."

மெஷினுக்கு எழுதியவள் நான் இல்லை. கோயமுத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடி வேலை செய்கிறேன். பால் சோதிக்கும் மெஷினைச் செய்தவர்கள் அதோடு லைப்ரரி என்று ஒரு தயார் புரோகிராம் தொகுப்பும் தருவார்கள். சி என்ற கணினி மொழியில் எழுதியது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது, எப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாள் மட்டும் கூடவே வரும். அதிலுள்ள ஃபங்ஷன்களைப் பைத்தான் என்ற இன்னொரு மொழியிலிருந்து கூப்பிட்டு, விடையை வாங்கிச் சீட்டு அடிக்க வைப்பது என் பொறுப்பு. பைத்தான் நமக்குச் செல்லம் கொடுக்கும் மொழி. எதை எங்கே வைத்தோம், எப்போது அழித்தோம் என்ற கவலையெல்லாம் அதனுடையது. சி யாருக்கும் செல்லம் கொடுக்காது. இரண்டுக்கும் நடுவே நின்று பேசிவைப்பவள் நான், அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. நூறு கேனுக்கு மேல் சோதித்துப் பார்த்து ஒப்படைத்த புரோகிராம் அது.

"மெஷின் பொய் சொல்லாதுங்க அக்கா," என்றேன்.

"அப்ப யாரு பொய் சொல்றா அம்மிணி?"

ஆபீஸ் மீட்டிங்குக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. லேப்டாப்பைத் திறந்தபடியே சொன்னேன்: "கறக்கற இடத்துல இருந்து சொசைட்டி வரைக்கும் கேன் யாரு கையில போகுதுன்னு பாருங்க." தொழில்நுட்ப ஆலோசனை சொல்வதாகத்தான் எனக்கு நினைப்பு. அக்கா சீட்டை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் அவருடைய பாலில் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே மீட்டிங்கில் உட்கார்ந்தேன். காப்பி எப்போதும்போல் கெட்டியாக இருந்தது. அதைக் கூட யோசிக்காத மண்டை என்னுடையது.

மறுநாள் காலையில் மனசு கேட்கவில்லை. பல் விளக்கியதும் சொசைட்டிக்கு நடந்தேன். புரோகிராம் சரி என்று எனக்கே காட்டிக்கொள்ளத்தான் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாமா வரிசையில் நின்றிருந்தார். இரண்டு கேன்கள். ஒன்று அவர் வீட்டுடையது, மற்றது பக்கத்துத் தோட்டத்துக்காரருடையது. எங்கள் பக்கத்தில் யாரும் தன் கேனை மட்டும் கொண்டுபோவதில்லை. போகிறவர் பக்கத்து வீட்டுக் கேனையும் தூக்கிக்கொள்வார். அதற்காகவே சொசைட்டி செக்ரட்டரி போன மாதம் என்னிடம் ஒன்று கேட்டிருந்தார். ஒவ்வொரு கேனுக்கும் சீட்டு அடிக்க நின்றால் வரிசை நகரவில்லை, ஒரு ஆள் கொண்டுவரும் கேன்களையெல்லாம் முதலில் சோதித்துவிட்டுச் சீட்டுகளை மொத்தமாக அடிக்க வழி செய்து தர முடியுமா என்று. அரை நாளில் செய்து கொடுத்தேன். "மிடுக்கி!" என்று மலையாளத்தில், கெட்டிக்காரி என்று பாராட்டினார்.

மாமாவின் முறை வந்தது. முதலில் அக்கா வீட்டுக் கேனில் சாம்பிள், சோதனை. இரண்டாவது கேனில் சாம்பிள், சோதனை. பிறகு சீட்டுகள் இரண்டும் சேர்ந்து வந்தன. செக்ரட்டரி உதட்டைப் பிதுக்கினார். மாமா சீட்டுகளை என்னிடம் நீட்டினார்.

"ரெண்டுலயும் ஒண்ணே போட்டிருக்குது பாரு அம்மிணி."

இரண்டு சீட்டிலும் இரண்டு புள்ளி ஒன்பது. மற்ற எண்களும் புள்ளிக்குப் பின்னால் கடைசி இலக்கம் வரை ஒன்றே. இரண்டு பசுக்கள் அப்படிக் கறக்காது. தப்பு எங்கே என்று அப்போதே புரிந்துவிட்டது.

அந்த லைப்ரரியிடம் இருப்பது ஒரே ஒரு சிலேட்டு. ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் பழையதை அழித்துவிட்டுப் புது விடையை அதிலேயே எழுதும். நமக்குக் கொடுப்பது விடையை அல்ல, சிலேட்டு இருக்கும் இடத்தை. நான் முதல் கேனின் விடையைப் படியெடுத்து வைக்காமல், சிலேட்டு இருக்கும் இடத்தை மட்டும் குறித்து வைத்திருந்தேன். சீட்டு அடிக்கும் நேரத்தில் அங்கே இருந்தது இரண்டாவது கேனின் விடை. ‘அடுத்த அழைப்பு வரைதான் இது செல்லும்’ என்று கூட வந்த தாளில் ஒரு வரி இருந்தது. படித்தும் இருந்தேன். அப்போதெல்லாம் ஒரு கேன், ஒரு சீட்டு. அதனால் தொந்தரவில்லை என்று விட்டுவிட்டேன். பிறகு மொத்தமாக அடிக்க மாற்றியபோது அந்த வரி ஞாபகத்துக்கே வரவில்லை.

ஒரு மாதமாக இது யார் கண்ணிலும் படாததற்குக் காரணம், பெரும்பாலான கேன்களில் வித்தியாசம் சொற்பம். சீட்டு நல்லதாக மாறி வந்தவர்கள் ஏன் வாய் திறக்கப்போகிறார்கள்? தோட்டத்துக்காரர் மட்டும் முந்தைய இரண்டு நாளும் வந்த தண்ணீர்ச் சீட்டை முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டார். அது ஏன் என்று நான் கேட்கவில்லை.

அங்கேயே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, விடையைப் படியெடுக்கும் வரியைச் சேர்த்தேன். ஒரே வரி. பாட்டிலில் மிச்சமிருந்த சாம்பிள்களை மறுபடி ஓட்டினோம். அக்காவின் பால் நான்கு புள்ளி ஒன்று. வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, "தப்பு என்னோடதுங்க. அவங்க பால்ல ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது," என்றேன். மாமா தலையை ஆட்டினார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். சிலேட்டு, சீட்டு எல்லாம் சொல்லி முடித்தேன். வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டார்.

"மிஷினு சரியாப் போச்சு. சந்தோசம்," என்றார். "நேத்து மத்தியானமே நான் அவருகிட்டக் கேட்டுப்போட்டனே அம்மிணி, வழியில தண்ணி ஊத்துறீங்களான்னு. கண்ணாலமாகி இருவத்திமூணு வருசத்துல அப்படியொரு கேள்வி கேட்டதில்ல."

"மாமா என்னங்க சொன்னாரு?"

"சோத்துத் தட்டத்துல கை களுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

வாசலில் வண்டி வந்து நின்றது. மாமா காலிக் கேன்களை இறக்கினார். அக்கா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, "இட்லி ஊத்தட்டுங்களா?" என்று கேட்டார். மாமா வண்டிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது.

"மாமா, அக்கா தானா நெனைச்சுக் கேக்குலீங்க. யாரு கையில போகுதுன்னு பாருங்கன்னு சொன்னது நானுங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லாத முகம்.

"நீ சொன்னது இருக்கட்டும் அம்மிணி. கேட்டது இவதானே."

சொல்லிவிட்டு, கேன்களைக் கழுவப் பின்பக்கம் போனார்.