அவர் வரும் நாளில் மட்டும் போட்ட மாத்திரை

என் பெயரைப் போடாமல் பிரசுரியுங்கள். என் கணவர் கதிர் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறார். சம்பா அறுப்பு முடிந்து மெஷினோடு வெளிமாவட்டம் போனால், ஒரத்தநாடு பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு எப்போதாவதுதான் வருவார். அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தபோது எனக்கு இல்லை. எனக்குத் தொற்றாமல் தடுக்க டாக்டர் மாத்திரை எழுதி, "தினமும் போடணும்மா" என்றார்.

போட்டால் குமட்டியது. "நான்தான் ஊர்ல இல்லையே, எதுக்கு சும்மா முழுங்கி அவதிப்படுற?" என்று கணவர் போனில் கேட்டார். எனக்கும் அது சரியென்றே பட்டது. அவர் வரும் நாளில் போடுவேன், போனதும் நிறுத்திவிடுவேன். ஆணுறை என்றாலே அவருக்குக் கோபம் வரும். கூட வேலை செய்பவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று அவர் தன் எச்.ஐ.வி. சிகிச்சை மாத்திரையையே ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த பரிசோதனையில் எனக்கும் இருந்தது.

"அவர் வந்தப்பல்லாம் போட்டேனே மேடம்" என்று ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. ஆலோசகரிடம் அழுதேன்.

"பொம்பளைங்களுக்கு அப்படிப் போட்டா பத்தாதும்மா. தினமும் போட்டு, மருந்து உடம்புல இருந்துக்கிட்டே இருக்கணும்" என்றார் அவர். பக்கத்தில் கணவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். என்ன பிரயோஜனம்?

தடுப்பு மாத்திரை சாப்பிடும் சகோதரிகளே, கணவர் ஊரில் இல்லாத நாளிலும் நிறுத்தாதீர்கள். நானும் இப்போது ஒருநாள்கூடத் தவறாமல் மாத்திரை போடுகிறேன். ஆனால் இது தடுக்கிற மாத்திரை இல்லை. அவர் வந்தாலும் வராவிட்டாலும், உயிர் இருக்கும்வரை போட வேண்டியது.