கோட்டை அறிமுகத்தில் பதினேழு விநாடி

கேதீஸ்வரி பொய் சொல்லுகிற ஆள் இல்லை. யாராவது பேய்க் கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுவாள். அவளுக்குத்தான் இது நடந்தது. போன ஆவணியில், பட்டப்பகலில். நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

அவள் இருப்பது புங்குடுதீவில். கணீரென்ற குரல், திருவிழா என்றால் அறிவிப்புச் செய்யக் கூப்பிடுவார்கள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் யாழ்ப்பாணத்தில் ஒரு சுற்றுலா நிறுவனம் அவளைத் தேடி வந்தது. நெடுந்தீவில் வெடியரசன் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் காதில் மாட்டிக் கேட்பதற்கு ஓர் அறிமுக உரை வேண்டும். எழுதுவதும் வாசிப்பதும் அவளே. வெடியரசன் என்ற மன்னனின் தலைநகர் அது என்று சனம் சொல்லும் கதை, அந்தக் காலத்துக் கடல் வியாபாரம், இந்தக் காலத்து மீன்பிடி, பார்க்க வேண்டிய இடங்கள்... எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிடம். பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் அதையே மொழிபெயர்ப்பார்கள்.

ஒலிப்பதிவுக்கு வசீகரன் என்ற வேலணைக்காரனை அனுப்பியிருந்தார்கள். முப்பது வயது இருக்கும். அதிகம் கதைக்க மாட்டான். அதுவே அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இருவரும் குறிகட்டுவான் துறையில் காலைப் படகு பிடித்துப் போனார்கள்.

மதியம் 12.40. கோட்டை என்று பேர்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் பவளப்பாறையில் வெட்டிய முருகைக்கல் குவியல். ஆள் அரவம் இல்லை. கடல் காற்று அடித்த அடியில் கையிலிருந்த தாள் படபடத்தது. வசீகரன் அவள் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, பதிவுக் கருவியைக் கையில் எடுத்தான்.

காற்றுச் சத்தம் நின்றது.

தாள் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. சேலைத் தலைப்பும் பறந்தது. ஆனால் காதுக்குள் மட்டும் காற்று இல்லை. சுவர் வைத்து மூடிய வீட்டுக்குள் நிற்பதுபோல இருந்தது.

"காத்துச் சத்தம் வராமல் ஏதும் செய்தனீரோ?"

"இல்லை அக்கா. வாசியுங்கோ."

வாசித்தாள். ஒரே மூச்சில் பிழையில்லாமல் முடிந்தது. நிமிர்ந்தபோது வசீகரன் பதிவுக் கருவியைப் பார்த்துச் சிரிப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. என்னத்துக்குச் சிரிக்கிறான்?

அன்று பின்னேரம் 6.20க்கு அந்தப் பதிவு அவளுடைய போனுக்கு வந்தது. குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றபடி கேட்டாள். 'இங்கே சந்தை கூடியது' என்று எழுதியிருந்தாள். பதிவில் 'கூடுகிறது' என்று வந்தது. 'கப்பல்கள் வந்தன' என்பது 'வருகின்றன' என்று வந்தது. வாய் தடுமாறியிருக்கும் என்று நினைத்தாள்.

உரை முடிந்தது. பதிவு முடியவில்லை.

அவளுடைய குரல்தான். அதே நிதானம்.

"வந்தவர்களுக்கு இங்கே வீடு உண்டு. அடுப்பு மூட்டியிருக்கிறது. திரும்பிப் போகப் படகு இல்லை."

பதினேழு விநாடி. அவள் எழுதாதது. வாசிக்காதது.

அவளுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. உடனே வசீகரனுக்குப் போன் எடுத்தாள்.

"கொம்பியூட்டரிலை என்ரை குரலைச் செய்து ஒட்டியிருக்கிறீர். என்ன பகிடி இது?"

"நான் ஒண்டும் செய்யேல்லை அக்கா. வந்ததை வந்தபடி அனுப்பினனான்."

"அப்ப ஆர் கதைச்சது?"

"நீங்கள்தான் வாசிச்சனீங்கள். நான் பார்த்துக்கொண்டு நிண்டனான். தாளைப் பார்க்காமல் வாசிச்சனீங்கள்."

பொய் என்று போனை வைத்தாள். அடுத்த நாளே நிறுவனத்தில் முறையிட்டாள். மேலாளர் பரராசசிங்கம் அவனை விசாரித்தார். அவன் அதையே திரும்பச் சொன்னான். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

புதிதாகப் பதிந்து தரச் சொன்னார்கள். இந்த முறை அவள் ஒருவரையும் கூப்பிடவில்லை. தன்னுடைய வீடு, தன்னுடைய போன். பின்னேரம் 4.10. கதவைச் சாத்தி, மேசைக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்து, தாளில் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். சரியாக ஒன்றரை நிமிடம். நிறுத்தினாள்.

போனைப் பார்த்தாள்.

ஒரு நிமிடம் நாற்பத்தேழு விநாடி.

கேட்கவில்லை. அழித்தாள். வசீகரனுக்கு எடுத்தாள். மணி போனது... போனது... அவன் எடுக்கவில்லை. பிறகு அந்த இலக்கமே வேலை செய்யவில்லை. மன்னிப்புக் கேட்க அவளுக்கு இன்றுவரை வழி கிடைக்கவில்லை.

இந்த வேலை தன்னால் ஏலாது என்று பரராசசிங்கத்துக்குச் சொல்லிவிட்டாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

மூன்று கிழமை கழித்து, நிறுவனத்தில் இலக்கம் வாங்கிப் பாரிசிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். பேர் யூலியானா. நான்கு வயதில் ஊர்காவற்றுறையை விட்டுப் போனவள். நெடுந்தீவை ஒருநாளும் கண்டதில்லை. பிரெஞ்சு உரையை வாசித்தவள் அவள்தான். அவளுக்குக் கொடுத்தது கேதீஸ்வரி எழுதியதன் மொழிபெயர்ப்பு மட்டும். தமிழ்ப் பதிவை அவள் கேட்டதே இல்லை.

"அக்கா, நீங்கள் எழுதினதிலை கடைசிப் பந்தி எனக்கு வரேல்லையோ?"

"எந்தக் கடைசிப் பந்தி?"

"வீடு, அடுப்பு, படகு... பிரெஞ்சுப் பதிவின்ரை கடைசியிலை என்ரை குரலிலை கிடக்கு. நான் வாசிக்கேல்லை."

கேதீஸ்வரி கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

"எங்கை வைச்சுப் பதிஞ்சனீர்?"

"வீட்டிலைதான். வெளிச்சத்தம் வரக்கூடாதெண்டு உடுப்பு அலுமாரிக்குள்ளை இருந்து. கதவைப் பூட்டிக்கொண்டு."

"தனியவோ?"

"ஓம். ஒராள் இருக்கத்தான் இடம்..."

யூலியானாவின் குரல் இறங்கியது.

"ஆனால் அக்கா... நான் பந்தி முடிக்கிற நேரமெல்லாம், என்ரை கையிலை இருந்த தாளை ஆரோ திருப்பிவிட்டவை."