பெரியதாழைக்குப் போன பிராசஸர்

திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளே விசிறி சுற்றியது, முன்பக்கப் பச்சை விளக்கு எரிந்தது, ஆனால் திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். காலையில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் அது. நானே திறந்து, நானே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

எனக்குத் தொழில் எம்பிராய்டரி டிசைன் போடுவது. கல்யாணப் பிளவுஸ், சர்ச் சாமியார்களின் பூசை உடுப்பு, கோவில் திருவிழாக் கொடி. படத்தைக் கம்ப்யூட்டரில் தையல் தையலாகப் பிரித்து, பக்கத்து அறையில் நிற்கும் தையல் மிஷினுக்கு அனுப்ப வேண்டும். அந்த மாதம் ஒரு கடற்கரை ஊரின் கொடி வந்திருந்தது. அதில் ஆளுயர மாதா படம். ஒரு நூலின் நிறத்தை மாற்றிவிட்டு அடுப்பில் உலை வைத்துத் திரும்பி வந்தாலும் கம்ப்யூட்டர் யோசித்துக்கொண்டே இருக்கும். கொடியேற்றத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

நான் வழக்கமாகப் போகும் கம்ப்யூட்டர் கடை அண்ணாச்சி பொய் சொல்லி வியாபாரம் செய்கிறவர் அல்ல. புதுக் கம்ப்யூட்டரே வேண்டாம், அதன் மூளையான பிராசஸரை மட்டும் மாற்றினால் போதும் என்று சொன்னவர் அவர்தான். என் மதர்போர்டின் பெயரைக் கேட்டுக்கொண்டு, "அதே சாக்கெட்டுதான் தங்கச்சி. கண்ணை மூடிக்கிட்டு மாட்டலாம்" என்றார். வீட்டில் நானே பழையதைக் கழற்றினேன். அதை அவரிடம் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கி வந்து மாட்டினேன். சொன்னபடியே பிராசஸர், போர்டில் அதற்கென்று இருக்கும் சாக்கெட்டில் அலுங்காமல் உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தினேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கறுப்பு.

இரண்டு நாள் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். போர்டில் இருக்கும் காசு போன்ற பேட்டரியை எடுத்து, சற்றுப் பொறுத்துத் திரும்பப் போட்டேன். மானிட்டர் ஒயரை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் ஆட்டோவில் கம்ப்யூட்டர் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அண்ணாச்சி புதுப் பிராசஸரை எடுத்துத் தன்னிடமிருந்த வேறொரு போர்டில் மாட்டினார். உடனே படம் வந்தது.

"பிராசஸர் நல்லாத்தான் இருக்கு. உங்க போர்டுதான் போயிட்டு."

"கழட்டுறதுக்கு முந்தின நிமிஷம் வரைக்கும் ஓடிச்சே அண்ணாச்சி!"

"கழட்டி மாட்டும்போது போயிரும்லா. நம்ம கையில இருக்க கரண்டே போதும். இந்த மாதிரி எத்தனை பாத்திருக்கேன்!"

என் வகைக்குப் பொருந்தும் போர்டு வர பத்து நாளாகும் என்றார். புதுப் பிராசஸரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கேபினட்டை மறுபடி ஆட்டோவில் ஏற்றினேன்.

அன்று மத்தியானம் சாப்பாட்டை மூடி வைத்தேன். போனில் அந்தப் போர்டைச் செய்த கம்பெனியின் பக்கத்தைத் தேடித் திறந்தேன். எந்தெந்தப் பிராசஸர் அதில் ஓடும் என்று நீளமான பட்டியல் இருந்தது. என்னுடையதும் இருந்தது. அதற்கு நேராக, கடைசிக் கட்டத்தில் ஓர் எண். அது என்னவென்று படிக்கப் படிக்கத்தான் விஷயம் புரிந்தது. போர்டுக்குள் பயாஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் ஓடுவது அதுதான். அதன் பதிப்பு எண் அந்த எண்ணாகவோ அதற்கு மேலோ இருந்தால்தான் போர்டுக்கு இந்தப் பிராசஸரை அடையாளம் தெரியும். நான் போர்டு வாங்கியபோது இந்தப் பிராசஸர் பிறக்கவே இல்லை. நானோ பயாஸைத் தொட்டதே இல்லை.

போர்டு சாகவில்லை! அந்தச் சந்தோஷம் அடுத்த வரியைப் படிக்கும் வரைதான். பயாஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். அது ஓட வேண்டுமென்றால் பழைய பிராசஸர் வேண்டும். அதை நான் கொடுத்துவிட்டேன்.

உடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"பயாஸா?" என்று இழுத்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "உங்க பழசு இங்கன இல்லையே தங்கச்சி. பெரியதாழையில ஒரு பிள்ளை இ-சேவை மையம் வச்சிருக்கு. அதோட மிஷின்ல நேத்துதான் மாட்டிக் கொடுத்தேன். அந்த வகையில வேற ஒண்ணும் கைவசம் இல்ல."

அவர் கொடுத்த எண்ணில் கூப்பிட்டேன். முன்பின் தெரியாத ஒருத்தியிடம், நேற்றுத்தான் சரியாகி வந்த கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே இருப்பதைக் கொஞ்ச நேரம் எனக்குத் தா என்று எப்படிக் கேட்பது? உளறினேன். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, "நாளைக்கு ரெண்டு மணிக்கு மேல வாங்கக்கா. காலையில கூட்டமா இருக்கும்" என்றாள். போனை வைத்த பிறகும் என்னால் நம்ப முடியவில்லை.

மறுநாள் கேபினட்டைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் சாகுபுரம் தாண்டுவதற்குள்ளேயே தொடை மரத்துப்போனது. திருச்செந்தூரில் இறங்கி அடுத்த பஸ் பிடித்துப் பெரியதாழை போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை.

சின்ன அறை. அவளுக்கு முப்பது வயது இருக்கும். மீனவர் அட்டைக்காக இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். "அண்ணே, டீ குடிச்சிட்டு வாங்க. அரை மணி நேரம் இது ஓடாது" என்று அவர்களை அனுப்பிவிட்டு, அவளே தன் கேபினட்டின் மூடியைக் கழற்றினாள்.

பிராசஸருக்கு மேலே இருக்கும் விசிறியை நான் பிடித்துத் தூக்கினேன். படக்கென்று ஒரு சத்தம். விசிறியின் அடியில் ஒட்டிக்கொண்டு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வந்துவிட்டது. மெதுவாகத் திருகிவிட்டுத்தான் தூக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவசரத்தில் மறந்துபோனேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

மெல்லப் பிரித்தெடுத்து என் போர்டில் மாட்டினேன். ஒரு மூலையில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, அழுத்தினேன். பொத்தானைத் தட்டியதும் திரையில் எழுத்து ஓடியது. நேற்று செத்தது என்று சொல்லப்பட்ட போர்டு! பென் டிரைவில் கொண்டுபோயிருந்த புது பயாஸை ஏற்றினேன். அது முடிவதற்குள் கரண்ட் போனால் போர்டு நிஜமாகவே போய்விடும். தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது நிற்கவில்லை. வேலை முடிந்தது.

பிராசஸரைக் கழற்றி அவளுடைய போர்டில் வைத்தேன். இறங்கவில்லை. திருப்பிப் பார்த்தேன். அடியில் நிற்கும் நூற்றுக்கணக்கான மெல்லிய உலோக முட்களில் மூலையில் ஒன்று சாய்ந்து கிடந்தது. ஊர் முழுக்க இந்த ஒரு மிஷினை நம்பி வருகிறது, வாசலில் இரண்டு பேர் டீ குடித்துவிட்டு நிற்கிறார்கள், நான் அதை உடைத்துவிட்டேன்.

"இது... வளைஞ்சிட்டு" என்றேன்.

அவள் தன் மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து லெட் பென்சிலை எடுத்து, உள்ளே இருந்த லெட்டை உதறிவிட்டு, வெறும் முனையை அந்த முள்ளின் மேல் சொருகினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினாள். பிறகு வெளிச்சத்தில் பிடித்து வரிசையைப் பார்த்தாள்.

"மூக்குத்தித் திருகாணி போடுத மாதிரிதாங்க்கா. அவசரப்படப்பிடாது."

இந்த முறை பிராசஸர் தானாகவே இறங்கியது. அவளுடைய திரை வெளிச்சமானதும் நான் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

"பயந்துட்டீங்களா?"

"செத்துட்டேன்."

"நானுந்தான். வெளிய காட்டிக்கிடல" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சேலை மாற்றாமலே புதுப் பிராசஸரை மாட்டினேன். படம் வந்தது. கொடியேற்றத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கொடியைக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அண்ணாச்சி கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்தது. "அந்தப் பக்கத்தைக் காட்டுங்க" என்று என் போனை வாங்கி நெடுநேரம் படித்தார். பிறகு ஏணி போட்டுப் பரணில் ஏறி ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினார். போய்விட்டது என்று அவரே முடிவுகட்டி ஓரமாகப் போட்ட போர்டுகள். என்னுடைய அதே வகை மட்டும் நான்கு.

எங்கிருந்தோ ஒரு பழைய பிராசஸரை வரவழைத்து நான்கையும் சோதித்திருக்கிறார். நூல் வாங்கப் போன ஒரு நாள் என்னைக் கடைக்குள் கூப்பிட்டார்.

"மூணு ஓடுது தங்கச்சி. மூணு பேருகிட்ட போர்டு போயிட்டுன்னு நான்தான் சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன்."

நான் நிற்கும்போதே முதல் ஆளுக்குப் போன் போட்டார். உட்காரவில்லை, எழுந்து நின்றுதான் பேசினார்.

"அண்ணே, உங்க பழைய போர்டு நல்லா இருக்கு. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, எனக்குக் கேட்கவில்லை. அவர் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.